ரெண்டு டீ, ஒரு முட்டை பப்ஸ்

“இவரெல்லாம் ஒரு அப்பாவா?”

இளவரசிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

காஞ்சிபுரத்துத் தியேட்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலைக் காட்சியாக ஓடிக்கொண்டிருந்த கார்ட்டூன் படம் அது. பொந்தை விட்டு முதன்முதலாக வெளியே வருகிற ஓர் அணில்குஞ்சின் கதை. கிளைவிட்டுக் கிளை தாவப் பயந்து அது நடுங்கி நின்ற இடத்தில் இடைவேளை விட்டார்கள். ஒன்பது வயது மகன் சிவபாலனின் கையைப் பிடித்துக்கொண்டு கேன்டீன் வரிசைக்கு வந்தாள் இளவரசி.

வரிசை நகரவே இல்லை.

முதலில் நின்றவனுக்கு இருபது வயதிருக்கும். உடம்பு வளர்ந்த அளவுக்கு மனசு வளரவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

“என்ன சார் வேணும்?” என்றார் கேன்டீன்காரர்.

“ம்... ம்...”

“சத்தமா சொல்லுங்க சார்.”

சாராம், சார்! என்ன கிண்டல் பார் இந்த ஆளுக்கு என்று நினைத்தாள் இளவரசி.

“இன்னாப்பா, படம் முடியற வரைக்கும் இங்கயே நின்னுக்கினு இருக்கணுமா?” பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவன் மிரண்டுபோய்த் திரும்பினான். பத்தடி தள்ளிச் சுவரோரமாகக் காக்கிச் சட்டையில் ஒருவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா...” என்றான் அவரைப் பார்த்து.

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்!

அதற்குமேல் இளவரசியால் பொறுக்க முடியவில்லை. நேராக அவரிடமே போனாள்.

“ஏங்க, அது உங்க புள்ளதானே?”

“ஆமாம்மா.”

“அது அங்க தவிச்சிக்கினு இருக்குது, நீங்க வேடிக்க பாக்கறீங்க? போயி வாங்கிக் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?”

“அவனே வாங்குவாம்மா.”

“அவனால முடியலன்னு கண்ணுக்குத் தெரியல?”

அவர் கட்டிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். இவரிடம் பேசிப் பயனில்லை என்று விடுவிடுவென்று கவுண்டருக்கு வந்தாள்.

“தம்பி, நீ கொஞ்சம் நவுரு. அண்ணே, அவனுக்கு ஒரு டீ குடுங்க. கூட திங்கறதுக்கு ஏதாவது வைங்க.”

கேன்டீன்காரர் அசையவில்லை. “நீங்க கேட்டாத் தர மாட்டேம்மா. சார் கேக்கட்டும். அவசரம்னா அந்தப் பக்கத்து கவுண்டருக்குப் போங்க.”

“நீங்கள்லாம் மனுஷங்கதானா?” என்று சீறினாள்.

மணி அடித்தது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து உள்ளே போனது.

“அம்மா, படம் போட்டுட்டாங்கம்மா!” சிவபாலன் கையைப் பிடித்து இழுத்தான்.

“இருடா.”

அவள் போகவில்லை. கேன்டீன்காரரும் கடையை மூடவில்லை. அந்த அப்பாவும் சுவரை விட்டு நகரவில்லை.

அந்தப் பிள்ளை கண்ணை இறுக மூடினான். திறந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

“அண்ணா...”

“சொல்லுங்க சார்.”

“ரெண்டு... ரெண்டு டீ. ஒரு... முட்டை பப்ஸ்.” ஒரு மூச்சு வாங்கினான். பிறகு தியேட்டரே அதிரும்படி, “சூடா!” என்றான்.

“சூடாவே தரேன் சார்!” கேன்டீன்காரர் பாய்ந்து டீயை ஊற்றினார்.

கசங்கிய நோட்டை நீட்டிவிட்டுத் தட்டை வாங்கினான். அடிமேல் அடி வைத்து நடந்தான். டீ தளும்பித் தட்டில் வழிந்தது. காக்கிச் சட்டைக்காரரின் கால் ஒரு எட்டு முன்னால் வந்தது. அவரே அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அப்பா, டீ.”

கேன்டீன்காரர் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தார் பாருங்கள் ஒரு விசில்! பாப்கார்ன் போடுகிற பெண் கைதட்டினாள். எதற்கென்றே தெரியாமல் சிவபாலனும் குதித்துக் குதித்துத் தட்டினான். அந்தப் பிள்ளை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கோப்பையை ஜெயித்தவன் மாதிரி முட்டை பப்ஸைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

இளவரசி அந்த அப்பாவிடம் வந்தாள். “மன்னிச்சிடுங்க... நான் என்னென்னமோ பேசிட்டேன்.”

“பரவாயில்லம்மா. எம்பேரு சிட்டிபாபு. ஐயம்பேட்டையில ஷேர் ஆட்டோ ஓட்டறேன். எங்க ஊர்ல எல்லாருக்கும் லோகேசு மேல பாசம். எந்தக் கடைக்குப் போனாலும் இவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே டம்ளர கையில குடுத்துடுவாங்க. நல்ல மனசுலதான் குடுக்கறாங்க. ஆனா இவனுக்கு வாயத் தொறந்து கேக்கவே வராமப் போச்சுதும்மா. எனக்கப்புறம் இவனுக்கு எது வேணும்னு யாரு கேப்பா? அதான் முகம் தெரியாத எடமாப் பாத்து இங்க கூட்டிக்கினு வந்தேன். மொத ரெண்டு வாரமும் கவுண்டர் கிட்டயே போகல. போன வாரம் ‘அண்ணா’ன்னு மட்டும் சொல்லிட்டு அழுதுக்கினே ஓடியாந்துட்டான். யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னு குப்புசாமி அண்ணன்கிட்ட நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்.”

கவுண்டருக்குள் குப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே குழந்தைகளின் ஆரவாரம் கேட்டது. இளவரசி பதறினாள். “ஐயோ, என்னால உங்களுக்கும் லேட்டு. சீக்கிரம் உள்ள போங்கண்ணே, பாதிப் படம் போயிடப் போவுது!”

சிட்டிபாபு டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சிரித்தார்.

“படமா? அத நாலு வாரமா பாத்துக்கினுதாம்மா இருக்கறோம். நாங்க டிக்கெட் எடுக்கறதே இந்த இடைவேளைக்குத்தான்!”