ஐந்தாவது ஃபவுல்

"திரும்பவும் அவரையே இடிச்சியா?"

கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியின் கூடைப்பந்துப் போட்டியில் தோற்கும் அணிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

ஃப்ரீ த்ரோ கோட்டில் எதிரணி வழுக்கைத் தலையர் முழங்கையைத் தேய்த்தபடி நின்றார்.

"தெரியாம பட்டுடுச்சு கேப்டன்" என்ற ஸ்டோர்கீப்பர், அடுத்த நிமிடமே மறுபடி இடித்தான். ஐந்தாவது ஃபவுல். நடுவர் வெளியே அனுப்பினார்.

பெஞ்சில் இருந்தவர்கள் "நான் இறங்குறேன்" என்று முண்டியடித்தார்கள்.

வெளியே வந்த ஸ்டோர்கீப்பரிடம் கேப்டன் சீறினார். "தோத்துக்கிட்டிருக்கோம். உனக்கென்னய்யா சிரிப்பு?"

"மேனேஜரை அஞ்சு தடவை இடிச்சும் வேலை போகாத இடம் இது ஒண்ணுதான் கேப்டன்."

கேப்டன் அந்த வழுக்கையைப் பார்த்தார். தன்னுடைய ப்ரமோஷனை மூன்று வருடமாகக் கிடப்பில் போட்ட வழுக்கை. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தால்தான் என்ன குறைந்துவிடும்?

"எல்லாரும் தள்ளுங்க. இனிமே அவரை நான் பார்த்துக்கறேன்."