கப்பலில் ஒரு பிள்ளைக்கு இடம்

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் வெண்டிக்காய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

வன்னியிலிருந்து, அனாதைப் பிள்ளைகள் இல்லம் நடத்தும் சிஸ்டர். மூன்று நிமிடம்தான் தருவார்களாம். பின்னால் வரிசை நிற்கிறதாம்.

கடை இன்னும் திறக்கவில்லை. வெளியே கனடாவின் பனி, ஸ்காபரோவின் பனி.

மூன்று வருடம். சிஸ்டரின் இல்லத்திலிருந்து சாருஜாவைத் தத்தெடுக்க அவளும் புருஷனும் மூன்று தரம் கைரேகை கொடுத்தார்கள். ரேகை மாறவில்லை. பேப்பர்தான் காலாவதியானது. இங்கே கையெழுத்து விழுந்தால் அங்கே சண்டையில் பாதை பூட்டு. பாதை திறந்தால் இல்லமே இடம்பெயர்ந்திருக்கும்.

ஒருவழியாக, நாளை காயக்காரரை ஏற்ற வரும் செஞ்சிலுவைக் கப்பலில் சாருஜாவின் பெயருக்கு ஓர் இடம்.

அதைச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தாள்.

"செல் குண்டு விழுந்தது, தங்கச்சி. சாருஜாவை முந்தநாள் அடக்கம் பண்ணிட்டம்."

மூன்று நிமிடத்தில் ஒன்று போய்விட்டது.

சிஸ்டருக்குப் பேரம் பேசத் தெரியாது. எடுத்தவுடன் கடைசி விலையைச் சொல்லிவிட்டார். பேப்பர் இருக்கிறது. கப்பலில் இடம் இருக்கிறது. இன்னொரு பிள்ளையும் இருக்கிறது, தாய் தகப்பன் இல்லாதது. அதே உயரம். பேப்பரில் ஒட்டிய சாருஜாவின் படத்தில் உள்ளது போலவே முன்பல் விழுந்திருக்கிறது. சாருஜா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேற்றிலிருந்து பழக்குகிறாராம்.

புருஷன் எதிரே வந்து, என்ன என்று கையால் கேட்டான்.

லேபிளில் ஒன்று, உள்ளே ஒன்று என்றால் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற கடைக்காரன்.

போனைப் பொத்திக்கொண்டு நாலு வார்த்தையில் சொன்னாள்.

அவன் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, ஓம் என்று தலையாட்டினான்.

அவளும் ஓம் என்றாள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாள். அந்தப் பிள்ளையின் சொந்தப் பெயர்.

அது வேண்டாம் என்றார் சிஸ்டர். தெரிந்தால் வாய் தவறும். வாய் தவறினால் பிள்ளையை இறக்கிவிடுவார்கள்.

அவள் விடவில்லை. ஒருதரம் சொன்னால் போதும், புருஷனுக்குக்கூடச் சொல்ல மாட்டேன் என்றாள்.

சிஸ்டர் போனைப் பிள்ளையிடம் கொடுத்தார்.

சின்ன மூச்சு கேட்டது.

"உங்கட பேர் என்னம்மா?"

மூச்சு நின்றது. யோசித்தது.

"சாருஜா."

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"கெட்டிக்காரி" என்றாள்.