உதட்டுக் கோடு

“வாயத் திறந்து ஸ்டாப்பு பேரச் சொன்னா முத்து உதிர்ந்திடுமா?” என்று உறையூர் டவுன் பஸ்ஸில் அந்நாளில் பள்ளி மாணவியான மட்டுவார்குழலியைக் கேட்ட கண்டக்டர் தர்மராஜ், இன்று டாக்டரான அவள் முன் விளக்கடியில் படுத்திருக்கிறார். பிரேக் போட்டதில் கம்பியில் மோதி மேலுதடு பிளந்திருக்கிறது. “பழையபடி விசில் ஊத முடியுங்களா?” என்று குழறுகிறார். “முடியும். பேசாதீங்க.” உதட்டுச் சிவப்பும் தோலும் சந்திக்கும் கோட்டில் முதல் தையலைப் போடுகிறாள். கோடு மயிரிழை விலகி நிற்கிறது. “மீசை மறைச்சிடும் டாக்டர்,” என்கிறாள் நர்ஸ் சித்ராதேவி. “விசில் ஊத உதடு சரியா மூடணுமே.” மட்டுவார்குழலி முடிச்சை வெட்டுகிறாள்; கறுப்பு இழை தட்டில் விழுகிறது. வளைந்த ஊசி மறுபடி நுழைய, கோடு கோட்டோடு சேர்கிறது. மிச்சத் தையல்கள் நிதானமாக விழுகின்றன. “அஞ்சு நாளைக்கு வாயத் திறக்காதீங்க.” தர்மராஜ் கண்ணாடியில் உதட்டைப் பார்க்கிறார், எங்கோ பார்த்த முகம் போல அவளை உற்றுப் பார்க்கிறார். கழுத்து விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்.