லோஜனின் நம்பர்

“ஐயோ, கை வெந்துபோச்சு!”

குளியலறைக் குழாயடியில் இருந்து குணலட்சுமி துள்ளிப் பின்வாங்கினாள். கொட்டிய தண்ணீரில் எழுந்த ஆவி, சுவர்க்கண்ணாடியை மூடியது.

“பாத்து மச்சாள்,” என்றபடி ஜெயகௌரி எட்டிக் குழாயை இறுக்கி மூடினாள். “வெளிநாட்டுச் சனத்துக்கு இப்பிடிச் சுட்டால்தான் பிடிக்கும்.”

“எங்கடை சுடுதண்ணிப் பொயிலர் நல்லா இருந்த நேரத்திலையும் உப்பிடிச் சுடேல்லை!”

அண்ணன் பெண்சாதி தன் வீட்டுக் குழாயில் கை சுட்டுக்கொண்டதைப் பார்க்க ஜெயகௌரிக்கு வயிறு குளிர்ந்தது.

உடுவிலில் ஒரே ஒழுங்கைக்குள் எதிரும் புதிருமாக அவர்களின் வீடுகள். வெளிநாட்டில் இருந்து ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு வீட்டிலும் அறை வாடகைக்கு விடுவார்கள். முதலில் தொடங்கியவள் ஜெயகௌரி. அதைப் பார்த்து எரிந்து, பின்னால் தொடங்கியவள் குணலட்சுமி.

மார்கழியில் லண்டனில் இருந்து கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் ஜெயகௌரியிடம் வந்தது. வான் வண்டியில் இருந்து பெட்டிகளை இறக்க முன்னமே குணலட்சுமி வாசல் படலையடிக்கு வந்துவிட்டாள். “உவையின்ரை பொயிலர் எப்ப வெடிக்கும் எண்டு தெரியாது. பச்சைப்பிள்ளையோடை உள்ளை போகாதேங்கோ,” என்றாள்.

அந்தப் பெட்டிகள் ஒழுங்கையைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போயின. அன்றைக்குப் பொயிலரில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் கதை பரவிவிட்டது. அதற்குப் பிறகு ஜெயகௌரியின் அறைகளில் ஒருவரும் வந்து தங்கவில்லை.

இப்போது குணலட்சுமியின் பொயிலர் படுத்துவிட்டது. நாளை மறுநாள் கனடாவில் இருந்து கலியாண வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கப் போகிறார்கள். தைப் பனியில் கலியாணப் பொம்பிளையைப் பச்சைத்தண்ணியில் முழுக வைக்கவா முடியும்? அதுதான் காலையிலேயே போன் எடுத்து, “பின்னேரம் வந்து உம்மடை சுடுதண்ணியை ஒருக்காப் பாக்கட்டே?” என்று கேட்டிருந்தாள்.

“போன கிழமை லோஜன்ரை வான் உம்மடை வீட்டு முத்தத்திலை நிண்டது. அவன்தானே பொயிலர் பாத்தவன்?”

“ஓம் மச்சாள். சுன்னாகத்து லோஜன்தான் கை வைச்சவன்.”

“பொயிலரை ஒருக்காக் காட்டுமன்.”

“பொயிலர்க் கொட்டில் பூட்டிக் கிடக்கு. திறப்பு என்ரை மனுசனிட்டை.”

“அவர் எங்கை?”

“மொட்டைமாடியிலை பாசி சுரண்டுறார். இப்ப கூப்பிட்டு இறக்கினால் பிறகு இந்த வருசம் ஏறமாட்டார்.”

தலைக்கு மேலே எதுவோ இழுபட்டது. குணலட்சுமி மூக்கைச் சுருக்கினாள். “பின்வளவிலை என்ன புகை?”

“நெல்லு அவிக்கிறம்.”

குணலட்சுமி மறுபடியும் குழாயில் கை வைத்தாள். ஜெயகௌரி அந்தக் கையை மெல்லப் பிடித்தாள். “காணும் மச்சாள், தண்ணியை வீணாக்காதேங்கோ.”

“சரி, லோஜன்ரை நம்பரைத் தாரும்.”

ஜெயகௌரி போனை எடுத்தாள். எடுத்து, நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டாள்.

“அண்டைக்குப் படலையிலை நிண்டு சொன்னதை இப்ப என்ரை முகத்தைப் பாத்து ஒருக்காச் சொல்லுங்கோ.”

குணலட்சுமியின் முகம் கறுத்தது. “அது... பகிடிக்குச் சொன்னது.”

“அந்தச் சனம் சிரிக்கேல்லையே மச்சாள்.”

குணலட்சுமி சுட்ட கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“பொய்தான் கௌரி. எரிச்சலிலை சொல்லிப்போட்டன். இப்ப என்னைக் கைவிடாதையும். இந்தக் கலியாணக்காரர் திரும்பிப் போச்சினம் எண்டால் எங்களிட்டை ஒரு குருவியும் வராது.”

இந்தச் சொல்லைக் கேட்பதற்காகத்தான் ஜெயகௌரி மார்கழி முழுக்க நித்திரையில்லாமல் கிடந்தாள். கேட்ட பிறகும் நெஞ்சு ஆறவில்லை. ஒழுங்கையைக் கடந்துபோன பெட்டிகள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

ஆனாலும் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னாள். குணலட்சுமி பிழையாக அழுத்தியதைக்கூடத் திருத்திக் கொடுத்தாள்.

“வேறை ஆரையும் பாக்காதேங்கோ மச்சாள். நாளைக்கே வரச் சொல்லுங்கோ.”

“நீர் நல்லா இருப்பீர் கௌரி!” குணலட்சுமியின் கண் கலங்கியது. ஒழுங்கையைக் கடக்க முன்னமே போனைக் காதில் வைத்துவிட்டாள். அவளுடைய குரல் படலைவரை கேட்டது.

“லோஜன் தம்பியே? முன்வீட்டுக் கௌரிக்குச் செய்தமாதிரி, அச்சொட்டா அதேமாதிரி எங்கடையையும் செய்து தாரும்!”

ஜெயகௌரி படலையைச் சாத்திக் கொளுவினாள். முற்றத்தின் நடுவில் வந்து நின்று மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“இஞ்சேருங்கோ, தொட்டிக்கை சுடுதண்ணி ஊத்தினது காணும், இறங்குங்கோ! எங்கடை பொயிலரை உடைச்சவனை அவ கூப்பிட்டிட்டா.”