காந்தாரிக் காக்டெயில்

“இது கோட்டைக்குள்ளே இருக்கிற அக்கிரகாரமா, இல்லே, குடிக்கிற பாரா?”

சமையலறை வாசலில் நின்று பாகீரதி கத்தினாள். மருமகள் மாளவிகா திரும்பிப் பார்க்கவில்லை. அன்னாசித் துண்டுகளையும் காந்தாரி மிளகாயையும் சேர்த்து நசுக்கி வடிகட்டி, இஞ்சிச் சாறு விட்டு, அதில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தாள். மேடைமேல் ஒரு வோட்கா குப்பி நின்றது.

“மெள்ளப் பேசுங்கோ அம்மா. ஜன்னல் திறந்திருக்கு.”

“இருக்கட்டுமே! தெருவே கேக்கட்டும். குடிச்சுக் குடிச்சு ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியிலே கிடந்தவன் என் பிள்ளை. இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் உசிருக்கு உத்தரவாதம் இல்லைன்னார் டாக்டர். நீயும் பக்கத்திலேதானே நின்னாய்? இப்போ கட்டினவளே கலக்கிக் கொடுக்கறாய்!”

“நான் பாத்துக்கறேன் அம்மா.”

“என்னத்தைப் பாப்பாய்? ‘ஹரி வேலைக்குத் திரும்பிட்டான், கொண்டாடணும்’னு அந்த சுமந்த் குப்பியை நீட்டினானாம், இவள் கையை நீட்டி வாங்கிண்டாளாம்! அவனும் கௌசிக்கும் கூட்டுச் சேர்ந்துதானே என் பிள்ளையைக் குட்டிச்சுவராக்கினா?”

மாமியாரிடம் உண்மையைச் சொல்ல மாளவிகாவுக்குத் துணிவில்லை. சொன்னால், அதுவும் தெருக்கோடிவரை கேட்கும்.

தான் குடிக்கு எடுத்த சிகிச்சை அலுவலக நண்பர்களான இந்த இருவருக்கும் தெரியக்கூடாது என்பது ஹரிஷங்கரின் பிடிவாதம். மஞ்சள்காமாலை என்று சொல்லித்தான் அவன் அலுவலகத்தில் விடுப்பு எடுத்திருந்தான். இன்று குடிக்க மறுத்தால், ஏன் என்று துருவுவார்கள். அதனால் கணவனும் மனைவியும் கூடிப் பேசி ஒரு வழி கண்டிருந்தார்கள்.

மூன்று கிளாஸ்களில் சாறு நிரப்பினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டில் மட்டும் வோட்காவைச் சேர்த்தாள். மூன்றாவதன் விளிம்பில் ஒரு காந்தாரியைச் செருகினாள். அது ஹரிக்கு. நிறம் ஒன்று, காரம் ஒன்று. யாருக்கும் சந்தேகம் எழாது.

வாசல் மணி அடித்தது. மாளவிகா விரைந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“கிழக்கேகோட்டையிலே வண்டியெல்லாம் ஒரே பிளாக்கு, மன்னி!” என்றபடி கௌசிக் உள்ளே நுழைந்தான். பின்னால் வந்த சுமந்த், “எனக்குத் தாகம் தாங்கலை. நானே எடுத்துக்கறேன்” என்று நேரே சமையலறைக்கு நடந்தான். கௌசிக் குடையை மடக்குவதற்குள் நாலு கதை சொன்னான். அவனைக் கூடத்தில் இருந்த ஹரியிடம் அனுப்பிவிட்டுச் சமையலறைக்கு ஓடிவந்த மாளவிகா திகைத்து நின்றாள்.

கிளாஸ்கள் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தன.

“அம்மா, இதிலே இருந்தது எங்கே?”

“காகிதக் கப்பிலே மாத்திட்டேன். ராமநவமிக்குப் பானகம் கொடுக்கற கிளாஸ் இது! இதிலேயா சாராயம்?”

“காந்தாரி செருகினது எந்தக் கப்பிலே?”

“அதெல்லாம் யார் பாத்தா? வேண்டாத விருந்தாளியானாலும் ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய ஊத்தப்படாது. மூணையும் ஒரு பாத்திரத்திலே கொட்டிக் கலந்து, சமமா ஊத்தினேன். சுமந்த் தட்டோட எடுத்துண்டு போயாச்சு. பாத்துக்கறேன்னாயே, போய் ஹரியைக் குடிக்காம தடு.”

“ஐயோ அம்மா! அதிலே ஒண்ணு ஹரிக்குன்னு எடுத்து வெச்ச வெறும் ஜூஸாக்கும்!”

பாகீரதியின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது.

“அப்போ… என் கையாலேயே அவனுக்கு…”

மாளவிகா கூடத்துக்கு ஓடினாள். ஹரியின் கப் காலியாக இருந்தது. அவன் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

“எரிச்சல்னா எரிச்சல், மாளு! காது வழியாப் புகை வரது.”

“எந்தா சாதனம்! என்ன சரக்கு!” என்று எழுந்த கௌசிக் தள்ளாடி, மறுபடியும் நாற்காலியில் விழுந்தான். “டேய் ஹரி, ஒரே கப்பிலே எனக்குத் தலை கறங்கிச் சுத்தறதுடா!”

மாளவிகா கௌசிக்கைப் பார்த்தாள். பழகின குடியாயிற்றே இவனுக்கு, இவனே ஒரு கப்பில் தள்ளாடுகிறான் என்றால், ஹரிக்கு? சமையலறைக்குத் திரும்பி, டாக்டரின் எண்ணைத் தேடினாள். பாகீரதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “சீக்கிரம், சீக்கிரம்” என்று முணுமுணுத்தாள்.

“யாருக்கு மன்னி போன்?”

பின்னாலேயே வந்து நின்றான் சுமந்த்.

“டாக்டருக்கு!” பாகீரதி சீறினாள். “என் பிள்ளை வயித்துக்குள்ளே உன் சாராயம் போயிடுத்துடா! அவன் பட்டது போறாதா உனக்கு?”

சுமந்த் குப்பியை எடுத்து, மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் சாய்த்து அவளிடம் நீட்டினான்.

“மோந்து பாருங்கோ மாமி.”

பாகீரதி தயங்கி முகர்ந்தாள். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

“இது… பச்சைத் தண்ணின்னா?”

“எங்காத்துக் குழாய்த் தண்ணிதான். மஞ்சள்காமாலைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவா, வேற எதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவான்னு எங்களுக்குத் தெரியாதா? ஹரி வீட்டுக்கு வந்த அன்னிக்கே நானும் கௌசிக்கும் குடியை நிறுத்தியாச்சு.”

மாளவிகாவின் கையிலிருந்த போன் தாழ்ந்தது. கூடத்தில் கௌசிக் எதையோ உளறிக்கொண்டிருந்தான்; அதைக் கேட்டு ஹரி வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

“அப்போ கௌசிக் தள்ளாடறது?”

“தனக்காக விட்டுட்டோம்னு தெரிஞ்சா ஹரி கூனிக் குறுகிப் போவான், மன்னி. இப்பவே ஆபீஸிலே எங்களைக் கண்டா ஒளியறான். அவன் பழையபடி எங்க மூஞ்சியைப் பாத்துப் பேசறவரைக்கும், நாங்க குடிகாரங்களாவே இருந்துட்டுப் போறோம்.”