வேகாத காது

"இன்னா மாப்ள, மத்த காதெல்லாம் செவந்திருக்குது, இந்தக் காது மட்டும் செவக்கவே இல்லியே?"

மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார் மாயவன். அறிவுச்செல்வனுக்கு எரிச்சலாக வந்தது. சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் உருவங்கள் செய்கிற சென்னைக் கம்பெனியில் அவனுக்கு வேலை. கொரோனா வந்ததிலிருந்து தியாகதுருகத்து வீட்டில் உட்கார்ந்துதான் அந்த வேலையும். வேறு யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் கதவைச் சாத்தியிருப்பான். வந்திருப்பவரோ ஒன்றுவிட்ட தாய்மாமன்.

திரையில் இருந்தது, இடஒதுக்கீடு கேட்டு முந்தாநாள் நடந்த சாலை மறியல். முன்வரிசையில் கொடியோடு மாயவன். அவருக்குப் பின்னால் தார் ரோடே தெரியாமல் தலைகள். எல்லார் முகத்திலும் மாஸ்க். முதுகுப் பக்கம் காலை வெயில்.

"மாவட்டத் தலைவரு மறியல் போட்டோவ அனுப்பச் சொல்லிட்டாரு. அதப் பாத்துட்டுதான் ஒன்றியச் செயலாளர் பதவி எனக்கா, அந்த ராசுவுக்கான்னு சொல்லுவாராம். ஒரே ஒரு ஆளு கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு தெரிஞ்சாலும் என் மானம் கப்பலேறிடும் மாப்ள."

அந்தப் பதவிக்காக மாயவன் கட்டாத தோரணம் இல்லை, போடாத சால்வை இல்லை. இந்த முறையும் தவறினால் ராசுவுக்குக் கீழே நின்று கும்பிடு போட வேண்டும்.

"மாஸ்க் இருக்கறதால மூஞ்சி தப்பிச்சுது மாமா. காதுலதான் மாட்டிக்கினோம்" என்றான் அறிவுச்செல்வன். "நெசமான காதுன்னா, பின்னால வெயில் அடிக்கும்போது வெளிச்சம் தோலுக்குள்ள பூந்துடும். உள்ளார சதை, ரத்தம்னு அலைஞ்சு திரிஞ்சு வேற எடத்துல வெளிய வரும். அதான் செவப்பாத் தெரியுது."

"முன்வாசல்ல வந்துட்டு தோட்டத்துப் பக்கமா போறவன் மாதிரின்னு சொல்லு."

"அதேதான். உள்ள எங்கெங்க சுத்தினான்னு கணக்குப் போடணும்."

"ஊரு சுத்துனவன் கணக்கு நமக்கு எதுக்கு? செவப்புப் பெயிண்ட ரெண்டு கோட்டிங் வுடு."

விட்டுப் பார்த்தான். யாரோ பிடித்துத் திருகிவிட்ட காது மாதிரி ஆனது. மாயவன் தன் காதைத் தடவிக்கொண்டார்.

"மாமா, வேகாத ஜவ்வரிசி எப்படி இருக்கும்? சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா. வெந்துட்டா?"

"மினுமினுன்னு உள்ளாற தெரியும்."

"இது வேகாத காது மாமா."

சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்களுக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றி அனுப்புகிறவர் மாயவன். இந்தப் பாஷை அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அப்ப வேக வை!"

"உங்க காதக் குடுங்க."

அவர் காதுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தான். ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு, நடுவில் கொஞ்சம் இருட்டு, நரம்புகூடக் கோடு கோடாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டான்.

புருஷனைத் தேடிக்கொண்டு வந்த ஜெயம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாங்க, காதுல பூச்சி பூந்துடுச்சா?"

"மறியல் போட்டோவுல ஆள் சேக்கறோம்டி."

"ஐய, இதெல்லாம் ஒரு பொழப்பா? இல்லாத ஆள இருக்கற மாதிரி காட்டி இன்னா ஆவப்போவுது?"

"பதவி ஆவும். நீ சும்மா இரு."

அறிவுச்செல்வன் கணக்குகளை ஏற்றிவிட்டான். மடிக்கணினி தோசைக்கல்லாகக் காய்ந்தது. மாயவன் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார், தனக்கல்ல, அதற்கு.

சாயங்காலம் காது வெந்திருந்தது. வெயில் அதற்குள் புகுந்து புறப்பட்டு வந்தது. படத்தில் பக்கத்தில் நிற்கும் கட்சிக்காரர் பழனியின் காதுக்கும் அதற்கும் வித்தியாசம், செய்தவனுக்கே தெரியவில்லை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மாயவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உசுரு குடுத்துட்ட மாப்ள!"

படம் வாட்ஸ்அப்பில் போன வேகத்தில் பதில் வந்தது. பதவி மாயவனுக்குத்தான். ராத்திரிக்குள் தலைவர் அந்தப் படத்தை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை மாவட்டத் தலைவர் தனசேகரன் நேரிலேயே மாயவன் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் சால்வையை விரித்துத் தோளில் போடுகிற நேரம் பார்த்து ஒரு போலீஸ் ஜீப்பும் வந்து நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர் செல்போனில் அதே படத்தை நீட்டினார்.

"இது நீதானய்யா?"

"நானேதாங்க!" மாயவன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்ப ஏறு. முன்வரிசையில நின்னவங்க மேலெல்லாம் கேசு. பதினஞ்சு நாளு உள்ளதான்."

மாயவன் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பரிதாபமாகத் தலைவரைப் பார்த்தார்.

"தைரியமா போய்ட்டு வா மாயவா! வெளிய வர்ற அன்னிக்கு மேளம் வச்சு கூட்டிக்கினு வரேன்" என்று தலைவர் முதுகில் தட்டினார்.

"ஐயா... அது... கம்ப்யூட்டர்ல பண்ண போட்டோங்க!"

"யாரு காதுல பூ சுத்தற? பந்தோபஸ்துக்கு அங்கதான்யா நின்னேன். ரோடு கொள்ளாத கூட்டம்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாயவன் ஜீப்பைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். பிறகு அதை மெல்ல உருவி மடித்துத் தலைவர் கையிலேயே கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கூட்டம் பூரா நெசந்தாங்க ஐயா! அன்னிக்கு நான் வெள்ளிமலையில மச்சான் வூட்டுல கெடாக்கறி தின்னுக்கினு இருந்தேன். அந்த போட்டோவுல நான் ஒருத்தன்தாங்க பொய்!"