இன்னொரு டிஸ்க்

"ஒண்ணு கேட்டா ரெண்டாத் தலையில கட்டப் பார்க்கறீங்களே, நியாயமாம்மா இது?"

வீடியோ எடிட்டர் குரலை உயர்த்தினார். இருபது வருஷத் தொழில். கடைக்காரர்களின் தந்திரமெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அவருக்கு ஒரு நினைப்பு.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் அந்தச் சின்னக் கடையில் இருந்தது ஒரே ஒரு பெண்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் உள்ளே வந்தபோது, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, திறந்து கிடந்த ஹார்ட் டிஸ்க்கை இடுக்கியால் நோண்டிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் காக்க வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அதிலேயே அவருக்குப் பாதி எரிச்சல்.

அவர் அவசரம் அவருக்கு. புதுசாக ஃபோர்-கே கேமரா வாங்கியாயிற்று. பழைய கம்ப்யூட்டரோ அந்தப் படத்தை ஓட்டச் சொன்னால் திக்கித் திணறுகிறது. அடுத்த வாரம் பெரிய இடத்துக் கல்யாணம். மூன்றே நாளில் வீடியோவை முடித்துக் கொடுத்துவிட்டால், அந்த வீட்டின் மற்ற கல்யாணங்களும் அவருக்குத்தான்.

தன் கம்ப்யூட்டர் மாடலைச் சொல்லி, "இருக்கிறதுலயே வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் எதுவோ, அதைக் கொடுங்க" என்றுதான் கேட்டார்.

"அவ்வளவு வேகத்தை உங்க பழைய கம்ப்யூட்டர் பயன்படுத்திக்காது சார். பணம்தான் தண்டம். இது போதும், சூடாகாம ஓடும்" என்று அவள் விலை குறைந்த ஒன்றை எடுத்து வைத்தாள். அதோடு விட்டாளா? பக்கத்திலேயே மொத்தையாக ஒரு சாதா ஹார்ட் டிஸ்க்கையும் வைத்தாள்.

"வேலை பார்க்க அது. காப்பி வெச்சுக்க இது."

அங்கேதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், கோவிச்சுக்காதீங்க. கேமரா கார்டை எப்ப அழிப்பீங்க?"

"அன்னிக்கே! மறுநாள் காலையில அடுத்த ஃபங்ஷன். கார்டு வேணுமே."

"அப்ப இருக்கிறது ஒரே காப்பி. டிஸ்க் போச்சுன்னா?"

எடிட்டர் சிரித்தார். இந்தக் கேள்விக்குத்தான் அவரிடம் சூப்பரான பதில் இருக்கிறதே!

"இருபது வருஷத்தில ஒரே ஒரு தடவைதாம்மா போயிருக்கு. அதையும் எப்படிச் சமாளிச்சேன் தெரியுமா? ரெண்டு வருஷம் முன்னாடி, யாரோ தண்ணி பம்ப் ஆபரேட்டரோட ரிட்டையர்மென்ட் விழா. ரெண்டு நாள்ல டிஸ்க் படுத்துக்கிச்சு. அவரோட பையன் வந்து நின்னான். 'தம்பி, உங்க ஹால்ல கரன்ட் ஏறி இறங்கினதில கேமராவில ஒண்ணுமே பதிவாகலைப்பா'ன்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னேன். பாவம், எனக்கே ஆறுதல் சொல்லிட்டுப் போனான்!"

அவள் சிரிக்கவில்லை.

"அந்த டிஸ்க் என்ன ஆச்சு சார்?"

"அன்னிக்கே குப்பைத் தொட்டி. கையில வெச்சிருந்தா நாளைக்கு யாராவது கேட்பாங்க இல்ல? தொழில்ல இதெல்லாம் சகஜம்மா. அதுவும் பெரிசா ஒண்ணும் இல்லை. அந்த மனுஷன் மைக்கைப் பிடிச்சவர் அரை மணி நேரம் விடலை. பொண்ணு, பொண்ணுன்னு அவர் பொண்ணைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தார்."

"பொண்ணைப் பத்தி... என்ன சார் பேசினாரு?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? பில்லைப் போடும்மா, நேரமாச்சு."

அவள் பேனாவை எடுத்தாள். "பேரு?"

அவர் தன் ஸ்டூடியோவின் பெயரைச் சொன்னார். அவள் எழுதினாள். எழுதியதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எஸ்.எஸ்.டி.யைப் பையில் போட்டாள். அந்த மொத்தை ஹார்ட் டிஸ்க்கையும் போட்டாள்.

"அட, என்னம்மா நீ! அதுதான் வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேனே!"

"இதுக்குப் பணம் வேண்டாம் சார். சும்மா எடுத்துட்டுப் போங்க."

எடிட்டருக்கு உள்ளூர ஒரே குஷி. கறாராகப் பேசினால் எப்பேர்ப்பட்ட கடைக்காரியும் வழிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

"பரவாயில்லையே! என்ன, ஆஃபரா?"

"இல்லை சார். இன்னொரு வீட்டுக்கு அப்படி ஆகக் கூடாது, அதுக்குத்தான்." அவள் பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "அந்த பம்ப் ஆபரேட்டர் எங்கப்பா. உங்க கிட்ட வந்தது எங்க அண்ணன்."

எடிட்டரின் கை பையைத் தொட்டபடியே நின்றுவிட்டது.

"அப்பா வாழ்க்கையில மைக் பிடிச்சதே அன்னிக்கு ஒரு நாள்தான். அப்ப எனக்கு வெளியூர்ல ஒரு கம்பெனியில இதே வேலை, லீவு கிடைக்கலை. 'வீடியோவில பார்த்துக்க, உன்னைப் பத்தித்தான் பேசினேன்'னு போன்ல சொன்னாரு. என்ன பேசினீங்கன்னு கேட்டா, 'பாரேன், பார்த்துட்டுச் சொல்லு'ன்னு சிரிச்சாரு. நாலு மாசத்தில போயிட்டாரு."

"அம்மா... எனக்கு... சத்தியமா எனக்குத் தெரியாதும்மா..." எடிட்டர் பையிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். அத்தனை நேரம் பேசின பேச்செல்லாம் அவர் காதிலேயே திரும்ப விழுந்தது. "டிஸ்க்தான் செத்துப்போச்சே... நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் என்னம்மா ஆகியிருக்கப் போகுது?"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து கிடந்த டிஸ்க்கின் பக்கம் திரும்பினாள். இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

"செத்த டிஸ்க்குல இருந்து படத்தை மீட்டுக் கொடுக்கிறதுதான் சார் பத்து வருஷமா என் தொழிலே."